பல்லுக்குள் பாதரசம்... டாக்டர் வாய்க்குப் பூட்டு!

சொத்தைப் பல்லைக் குடைந்து சுத்தம் செய்து முடித்ததும், உதவியாளர் அரை விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுக்கிறார். அதற்குள் இரண்டு அறைகள். ஒன்றில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடி. மற்றொன்றில் ஒரு துளி பாதரசம். குப்பியை அமுக்கினால் நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்துவிடும். சின்ன இயந்திரம் ஒன்றில் மாட்டினால் சில நொடிகள் 'விர்ர்' என்று குலுங்கி நிற்கும். திறந்து தட்டினால் பிசைந்த மாவு போல மெத்தென்று ஒரு வெள்ளி உருண்டை விழும். குழியில் வைத்து அழுத்தும்போது மணலை மிதித்ததுபோல் 'நறநற'வென்று லேசாகச் சத்தம் வரும். சில நிமிடங்களில் இறுகத் தொடங்கி, ஒரே நாளில் கல்லாகிவிடும். பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முறுக்கு, கரும்பு எதற்கும் அசையாது.

இதற்குப் பெயர் அமால்கம். ஆனால் நோயாளிகளிடம் புழங்கிய பெயர் 'சில்வர் ஃபில்லிங்'. அமெரிக்காவிலும் அதுதான், இங்கும் அதுதான். எடைபோட்டுப் பார்த்தால் அதில் ஏறத்தாழ பாதி பாதரசம். வெள்ளி அதைவிடக் குறைவு.

"இதில் பாதி பாதரசம் இருக்கிறது." நான்கே வார்த்தைகள். இதை நோயாளியிடம் சொல்லவும், அதன்மேல் தன் கருத்தைச் சேர்த்துச் சொல்லவும் ஒரு பல் மருத்துவருக்கு எவ்வளவு உரிமை உண்டு? அமெரிக்காவில் இந்தக் கேள்வி மருத்துவ மன்றங்களையும் சட்டமன்றங்களையும் கடந்து நீதிமன்றம் வரை போனது. சிலருடைய லைசென்ஸும் போனது.

அன்று வைத்தவருக்குத் தண்டனை

கதை 1833-ல் தொடங்குகிறது. க்ராக்கூர் என்ற குடும்பப் பெயருடைய இரு சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வந்து இறங்கினார்கள். 'ராயல் மினரல் சக்சிடேனியம்' என்று ராஜ கம்பீரமாக ஒரு பெயர் வைத்து, பாதரசமும் வெள்ளியும் கலந்த பசையைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள். அதுவரை நல்ல பல் அடைப்பு என்றால் தங்கம்தான். தங்கத் தகட்டைத் துளித் துளியாக வைத்துத் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். நேரமும் பிடிக்கும், காசும் கரையும். சகோதரர்களோ சொத்தையைக்கூடச் சரியாகச் சுரண்டாமல் பசையை அப்பி அனுப்பினார்கள். வலியில்லை, விலையும் மலிவு. கூட்டம் அலைமோதியது. பசை விரிந்து பல் வெடித்தது பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் சகோதரர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போனாலும் பசை போகவில்லை. 1840-ல் உருவான அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர்கள் சங்கம் அமால்கத்தைத் தீண்டாப் பொருளாக அறிவித்தது. 1845-ல், எந்தச் சூழலிலும் அமால்கத்தைக் கையால் தொடமாட்டேன் என்று உறுப்பினர்கள் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்றது. மறுத்தவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. வரலாற்றில் இதற்கு 'முதல் அமால்கம் போர்' என்றே பெயர். தங்கத்துக்கு வழியில்லாத ஏழைகளுக்குப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்ட மருத்துவர்கள் சங்கத்தைவிட்டு ஒவ்வொருவராக விலகினார்கள். 1850-ல் உறுதிமொழி திரும்பப் பெறப்பட்டது. 1856-ல் சங்கமே கலைந்தது. மூன்றே ஆண்டுகளில், 1859-ல், நயாகரா அருவி ஊரில் கூடி அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் அமால்கத்தை ஏற்றுக்கொண்ட புதிய தலைமுறை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உறுதிமொழிக்குப் பின்னால் முறையான ஆராய்ச்சி எதுவும் இல்லை. பாதரசம் கெட்டது என்ற பயம் இருந்தது, மலிவுப் போட்டி மேல் எரிச்சலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து நெறிமுறை என்ற சட்டை போட்டுக்கொண்டன. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அதே சட்டை மறுபக்கமாகத் திருப்பிப் போடப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் அமால்கம் தன்னைத் திருத்திக்கொண்டது. 1890-களில் ஜி.வி.பிளாக் என்ற பல் மருத்துவர் உலோகக் கலவையின் விகிதத்தைச் சீராக்கி, விரிந்து வெடிக்கும் குறையைத் தீர்த்தார். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. போர்வீரன், பள்ளிப் பிள்ளை, விவசாயி என்று கோடிக்கணக்கான கடைவாய்ப் பற்களை அது காப்பாற்றியது. இதை மறந்துவிட்டு அமால்கத்தைப் பேசுவது நியாயமில்லை.

எதிர்க்குரல் வந்தது ஜெர்மனியிலிருந்து. ஆல்ஃபிரெட் ஸ்டாக் புகழ்பெற்ற வேதியியலாளர். அவருடைய ஆய்வுக்கூடக் கருவிகள் முழுக்கப் பாதரசம். ஆண்டுக்கணக்கில் தலைவலி, ஞாபக மறதி, சோர்வு. காரணம் தெரியாமல் தவித்தவர், தான் சுவாசித்தது பாதரச ஆவி என்று கண்டுகொண்டு 1926-ல் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். பல்லில் வைக்கும் அமால்கத்திலிருந்தும் ஆவி வரும், அதைக் கைவிட வேண்டும் என்றும் சொன்னார். ஐரோப்பாவில் சில காலம் விவாதம் நடந்து அடங்கியது.

ஆவி உண்டு, ஆபத்து எவ்வளவு?

பாதரசம் எந்த உருவத்தில் உடலுக்குள் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாக மக்களை முடமாக்கியது மீத்தைல் பாதரசம். பல்லில் இருப்பது தனிமப் பாதரசம். அதை ஒரு துளி விழுங்கிவிட்டால் குடல் அநேகமாக உறிஞ்சுவதே இல்லை, மலத்தோடு வெளியே போய்விடும். ஆவியாகி மூச்சில் கலந்தால் நிலைமை வேறு. நுரையீரலுக்குள் போன ஆவியில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் கலக்கும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

இறுகிவிட்ட அமால்கத்திலிருந்து ஆவி வருவதே இல்லை என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டது. 1980-களில் நுண்ணிய கருவிகள் வந்தபோது அந்தப் பேச்சு நிற்கவில்லை. மெல்லும்போது, பல்லை நறநறவென்று கடிக்கும்போது, சூடாகக் குடிக்கும்போது ஆவி வெளியேறுவது அளந்து காட்டப்பட்டது. 1989-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆட்டின் வாயில் 12 அமால்கம் அடைப்புகள் வைத்தார்கள். அதிலிருந்த பாதரசம் கதிரியக்க அடையாளமிட்டது. பிறகு எடுத்த படத்தில் ஆட்டின் சிறுநீரகமும் குடலும் தெளிவாகத் தெரிந்தன. ஆடு நாளெல்லாம் அசைபோடும் பிராணி, மனிதனோடு ஒப்பிடலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனாலும் 1991-ல் உலக சுகாதார நிறுவனமே, பொதுமக்கள் உடலில் சேரும் பாதரச ஆவிக்கு முதன்மையான மூலம் பல் அமால்கம்தான் என்று பதிவுசெய்தது.

அதனால் நோய் வருமா? இதுவரை செய்த சோதனைகளில் தரமானவை இரண்டு. ஒன்று அமெரிக்காவின் போஸ்டனிலும் மெயின் மாநிலத்தின் ஃபார்மிங்டனிலும் 534 குழந்தைகளிடம் நடந்தது. மற்றொன்று போர்ச்சுகலின் லிஸ்பனில் காசா பியா பள்ளியின் 507 குழந்தைகளிடம் நடந்தது. பாதிப் பேருக்கு அமால்கம், பாதிப் பேருக்குப் பல் நிறக் கலவைப் பிசின். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2006-ல் வெளியான முடிவுகளின்படி, அமால்கம் வைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது. ஆனால் அறிவுத்திறனிலோ நரம்பு இயக்கத்திலோ பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. காசா பியா தரவைப் பின்னாளில் மறுபடி அலசியவர்கள், குறிப்பிட்ட மரபணு மாறுபாடு உள்ள ஆண் பிள்ளைகளிடம் மட்டும் பாதிப்பின் சாயல் தெரிவதாக எழுதினார்கள்.

ஆக, ஆவி வருவது உண்மை. பெரும்பாலோருக்கு நோய் வருவதாக நிரூபணம் இல்லை. சிலருக்கு வரலாம் என்ற ஐயம் முழுசாகத் தீரவில்லை. நேர்மையான ஒரு மருத்துவர் நோயாளியிடம் இந்த மூன்றையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் பூட்டு விழுந்தது.

யார் முதலில் வாயைத் திறந்தது?

1980-களின் பிற்பாதியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் நெறிமுறைத் தொகுப்பில் ஒரு விளக்கம் சேர்த்தது. ஒவ்வாமை இல்லாத நோயாளியிடம், உடலிலிருந்து நச்சை நீக்குவதாகச் சொல்லி, மருத்துவர் தானாக முன்வந்து பரிந்துரைத்த ஒரே காரணத்துக்காக அமால்கத்தை எடுப்பது நெறிகெட்ட செயல் என்பது அதன் சாரம்.

கூர்ந்து படித்தால் இதில் ஒரு விசித்திரம் தெரியும். நோயாளியே வந்து, "எனக்கு இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்றால் அதே மருத்துவர் அதே துரப்பணத்தால் அதே அடைப்பை எடுக்கலாம். தப்பில்லை. மருத்துவர் முதலில் பேச்செடுத்தால் தப்பு. பல்லில் நடப்பது ஒன்றுதான். வேறுபடுவது, யார் முதலில் வாயைத் திறந்தது என்பது மட்டும்.

சங்கம் தனியார் அமைப்பு. அதன் கண்டனத்தால் யாருடைய கிளினிக்கும் மூடப்படாது. ஆனால் லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் மாநிலப் பல் மருத்துவ வாரியங்கள். அந்த வாரியங்கள் சில, சங்கத்தின் நெறிமுறையையே தங்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. பாதரசத்தைப் பற்றிப் பேசிய மருத்துவர்களுக்கு நோட்டீஸ் போனது. 'பாதரசமில்லா கிளினிக்' என்று பலகை வைப்பதுகூட விவகாரமானது. அமால்கம் வைக்காத மருத்துவர்கள் இதை 'வாய்ப்பூட்டு விதி' என்று அழைத்தார்கள். படிப்புக் கடனும் கிளினிக் கடனும் உள்ள இளம் மருத்துவர் ஒருவர், ஒரு நோட்டீஸைக் கேள்விப்பட்டாலே போதும். அதன்பிறகு நோயாளி கேட்டால்கூட, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

சங்கத்தின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அந்த நியாயத்துக்குப் பெயர் ஹால் ஹக்கின்ஸ்.

கொலராடோ மாநிலத்துப் பல் மருத்துவரான ஹக்கின்ஸ், 1980-களில் பாதரச எதிர்ப்பின் முகமாக இருந்தார். புத்தகம் எழுதினார், நாடெங்கும் பேசினார். அமால்கத்தை எடுத்தால் நரம்புத் தளர்ச்சி நோய்கள் உட்படத் தீராத நோய்களெல்லாம் தீரும் என்ற நம்பிக்கையை விதைத்தார். 1990 டிசம்பரில் சி.பி.எஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி பாதரச அடைப்புகளைப் பற்றி ஒளிபரப்பானதும், நாடெங்கும் பல் கிளினிக்குகளில் தொலைபேசி ஓயவில்லை. கை கால் தளர்ந்தவர்கள், மருத்துவம் கைவிட்டவர்கள், கடைசிக் காசையும் எடுத்துக்கொண்டு நல்ல பற்களைக் குடையக் கொடுத்தார்கள். அமால்கத்தைக் குடைந்து எடுக்கும் நேரத்தில்தான் ஆவி மிக அதிகமாகக் கிளம்பும் என்பது பலருக்குத் தெரியாது. 1996-ல் கொலராடோ வாரியம் ஹக்கின்ஸின் லைசென்ஸை ரத்து செய்தது.

அந்த ரத்து சரியானது என்பதில் தயக்கம் வேண்டாம். நோயாளியின் கடைசி நம்பிக்கையை விலைக்கு வாங்கியவரைத் தடுக்காத வாரியம் இருந்தும் பயனில்லை. கேள்வி அதுவல்ல. பொய்யான குணத்தை விற்பவரை அடிக்க எடுத்த கம்பு, "கர்ப்பமாக இருக்கிறீர்கள், இப்போது இது வேண்டாமே" என்று சொல்ல நினைத்தவரின் முதுகிலும் விழுந்ததே, அதுதான் கேள்வி.

நீதிமன்றங்கள் போட்ட கோடு

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. தொழில்செய்பவர் தன் தொழிலைப் பற்றிப் பேசுவதும் அதில் அடங்குமா? 1976-ல் வர்ஜீனியா மாநில மருந்தாளுநர் வாரியம் மருந்து விலையை விளம்பரம் செய்யக்கூடாது என்று தடுத்த வழக்கில், உண்மையான வணிகத் தகவலைத் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டு வழக்கறிஞர்களுக்கும் அதே தீர்ப்பு. மருத்துவர் நாற்காலி அருகே நின்று பேசுவதற்கான நல்ல தீர்ப்பு 2002-ல் வந்தது. கஞ்சாவைப் பரிந்துரைக்கும் மருத்துவர்களின் மருந்துரிமத்தைப் பறிப்போம் என்று மத்திய அரசு மிரட்டியிருந்தது. மருந்தைக் கையில் கொடுப்பது வேறு, அதைப் பற்றி நோயாளியிடம் மனம்விட்டுப் பேசுவது வேறு என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கோடு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம், தொழில்முறையாளரின் பேச்சு என்பதற்காகவே அதற்குக் குறைந்த பாதுகாப்பு என்று ஆகிவிடாது என்று அறிவித்தது.

அமால்கம் சண்டைக்கு இந்தக் கோடு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். குடைவது செயல்; வாரியம் அதை ஒழுங்குபடுத்தட்டும். குணமாகும் என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பது மோசடி, தண்டிக்கட்டும். இதில் பாதரசம் இருக்கிறது, இன்னின்ன ஐயங்கள் உண்டு, எனக்கு இதில் உடன்பாடில்லை என்பது பேச்சு.

வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வட கரோலினா மாநிலத்தில் எட்டுப் பேர் கொண்ட பல் மருத்துவ வாரியத்தில் ஆறு பேர் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். அந்த வாரியம், பல்லை வெண்மையாக்கும் சின்னக் கடைகளுக்குத் தொழிலை நிறுத்தச் சொல்லி 47 கடிதங்களாவது அனுப்பியது. 2015-ல் உச்ச நீதிமன்றம், போட்டியாளர்களே நடத்தும் வாரியம் அரசின் மேற்பார்வை இல்லாமல் அரசுக்குரிய பாதுகாப்பைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு பாதரசத்தைப் பற்றியதல்ல. ஆனால் சங்கத்துக் கருத்தும் வாரியத்து அதிகாரமும் ஒரே மேசையில் எப்படிக் கலக்கின்றன என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

கலிஃபோர்னியாவில் சட்டமன்றமே தலையிட்டது. டயான் வாட்சன் என்ற மாநில செனட்டரின் முயற்சியில் 1992-ல் ஒரு சட்டம் வந்தது. எந்த அடைப்பில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று விளக்கும் தாளை மாநில வாரியம் தயாரிக்க வேண்டும். வாரியம் உருப்படியான தாளைத் தராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அந்த வாரியத்தின் ஆயுளே 2001-ஓடு முடிக்கப்பட்டு, வேறு உறுப்பினர்களோடு புதிதாக அமைந்தது. இன்று அங்கே பல் அடைக்கப் போகும் புது நோயாளியின் கையில் அந்தத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகம் நகர்ந்த வேகம் ஆமையைத் தோற்கடிக்கும். மருத்துவக் கருவிகளை வகைப்படுத்தும் சட்டம் வந்தது 1976-ல். குப்பியில் வரும் அமால்கம் வகைப்படுத்தப்பட்டது 2009-ல், அதுவும் தாய்மார் அமைப்புகளும் நுகர்வோர் அமைப்புகளும் வழக்குப் போட்டு, 2008-ல் சமரசம் ஏற்பட்ட பிறகு. 2020 செப்டம்பர் 24 அன்று அந்த நிர்வாகம் புதிய பரிந்துரை வெளியிட்டது. கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், குறிப்பாக ஆறு வயதுக்குட்பட்டவர்கள், நரம்பு நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு முடிந்தவரை அமால்கத்தைத் தவிருங்கள் என்றது. கூடவே, நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்றும் சொன்னது.

வாய்ப்பூட்டுக் காலத்தில் ஒரு மருத்துவர் கர்ப்பிணிப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிச் சொல்ல நினைத்ததும் ஏறத்தாழ இதுவேதான்.

உலகம் விடைகொடுக்கிறது

அமெரிக்கா வாதாடிக்கொண்டிருந்தபோது நார்வே 2008-லும் ஸ்வீடன் 2009-லும் அமால்கத்துக்குக் கதவடைத்தன. அவர்களுடைய முதல் கவலை வாய் அல்ல, நீர்நிலை. கிளினிக் சாக்கடையில் போகும் துணுக்கும், தகன மேடையில் பற்களிலிருந்து கிளம்பும் ஆவியும் கடைசியில் ஏரி மீனில்தான் சேர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் தடைவிதித்து, 2025 ஜனவரி 1 முதல் அநேகமாக எல்லோருக்கும் தடையாக விரித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் 2017-ல், பல் கிளினிக்குகள் கழிவுநீரிலிருந்து அமால்கத்தைப் பிரித்தெடுக்கும் கருவி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆண்டுக்கு 5.1 டன் பாதரசம் சாக்கடைக்குப் போகாமல் தடுக்கலாம் என்பது அதன் கணக்கு. வாயில் இருக்கும்வரை பத்திரமானது, வாயைவிட்டு வெளியே வந்ததும் அபாயக் கழிவு என்றால், எந்த நோயாளிக்கும் ஒரு கேள்வி எழத்தானே செய்யும்?

மினமாட்டாவின் பெயரால் 2013-ல் உருவான பன்னாட்டு ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், 2034-க்குள் பல் அமால்கத்துக்கு முற்றுப்புள்ளி என்று முடிவெடுத்தன. 2018-ல் ஒப்பந்தத்தை உறுதிசெய்த இந்தியாவும் அதில் உறுப்பு நாடு.

மாற்று ஒன்றும் மாசற்றது அல்ல. பல் நிறப் பிசின் அழகாக இருக்கும். ஆனால் எச்சில் ஈரம் பட்டால் சரியாக ஒட்டாது, விலையும் கூடுதல். கடைவாய்ப் பல்லில் அது தோற்றுப்போகும் வாய்ப்பு அமால்கத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2014-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. அவரிடம் இதையும் சொல்லியாக வேண்டும்.

2034 வந்த பிறகும் கோடிக்கணக்கான வாய்களில் பழைய அடைப்புகள் இருக்கும். விரிசல் விட்டால், ஓரம் சொத்தையானால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கும் இப்போது பக்குவமான முறை இருக்கிறது. பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுகிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, பொடியாக்காமல் துண்டு துண்டாகப் பெயர்க்கிறார்கள். பக்கத்திலேயே உறிஞ்சுகுழாய் இரைந்துகொண்டிருக்கும். எடுத்த துணுக்குகள் இறுக மூடிய புட்டிக்குள் போகும். முகமூடியைச் சரிசெய்துகொண்டு டாக்டர் குனிகிறார். "இப்போ எடுக்கப்போறதுல பாதி பாதரசம்மா. பயப்படாதீங்க, வாயால மூச்சு இழுக்காம மூக்கால மெதுவா விடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் துரப்பணத்தைக் கையில் எடுக்கிறார்.